நாணயந் தேடுங் கருவியும் அதன் குறைகளும்

நிலத்துட் கிடக்கும் பொருளை மேலிருந்தே அறிந்துவிட வேண்டும் என்னும் ஆசை மிகப் பழையது. மை பார்த்துப் புதையல் தேடியோரும், கவர்க்கோல் பிடித்து வெளிகளில் நடந்தோரும் பல நாடுகளில் இருந்துள்ளனர். அவர்தம் ஆசையை இன்று ஒரு கருவி ஏற்றுக்கொண்டுள்ளது. நீண்ட தண்டு, அதன் அடியில் உணவுத்தட்டு அளவான ஒரு வளையம், பிடியருகே எண்களைக் காட்டும் சிறு பெட்டி என்பனவே அதன் உறுப்புகள். மெற்றல் டிடெக்டர் என வழங்கும் இவ்வுலோக உணர்கருவியை இடமும் வலமுமாக வீசிக்கொண்டு, இங்கிலாந்தின் உழுத வயல்களிலும் அமெரிக்காவின் பூங்காக்களிலும் ஓய்வு நாட்களில் பலர் நடக்கின்றனர். அவர்கள் முதன்மையாகத் தேடுவது நாணயம்.

கருவியை எவ்வாறு திருத்தலாம் என அவர்களை வினவினால், பெரும்பாலோர் முதலிற் கேட்பது இன்னும் ஆழம் வேண்டும் என்பதே. விற்போரும் ஆழத்தையே விளம்பரஞ் செய்கின்றனர். ஆயின் கருவியின் வரலாற்றையும் அது தொழிற்படும் முறையையும் சற்று நுணுகி நோக்கின், மெய்யான குறை வேறிடத்தில் உளது என்பது புலனாகும். தான் உணர்ந்த பொருளைப்பற்றி அது மிகச் சிறிதே சொல்கின்றது. சொன்னதையும் மறுகணம் மறந்துவிடுகின்றது.

இக்கருவி பிறக்கும்போதே நாணயத்தோடு உறவுகொண்டு பிறந்தது. 1879 ஆம் ஆண்டில், இலண்டனில் வாழ்ந்த டேவிட் எட்வேட் ஹியூஸ் என்னும் அறிஞர் தூண்டல் தராசு ஒன்றை அமைத்து, அதன் இயல்புகளை அங்குள்ள அரச கழகத்துக்கு எடுத்துரைத்தார். அத்தராசில் இரண்டு சோடிக் கம்பிச்சுருள்கள் இருந்தன. ஒவ்வொரு சோடியிலும் ஒரு சுருளில் விட்டுவிட்டு மின்னோட்டஞ் செல்லும். மற்றைச் சுருள்கள் இரண்டும் ஒன்றையொன்று எதிர்க்குமாறு ஒரு தொலைபேசிக் குழலுடன் இணைக்கப்பட்டிருக்கும். தூண்டல் இரு பக்கமும் சமமாயின் குழலில் ஒலி எழாது. ஒரு பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்தால் ஒலி எழும். மறுபக்கத்தில் அதே வகை நாணயமொன்றை வைத்தால் மீண்டும் மௌனம். இரண்டில் ஒன்று தேய்ந்ததாயினும், கலப்பு வேறுபட்ட கள்ள நாணயமாயினும் அம்மௌனங் குலையும். பிரித்தானிய நாணயசாலையின் இரசாயன அறிஞராயிருந்த சான்ட்லர் றொபேட்ஸ் கலப்புலோகங்களை ஆராய்தற்கு இத்தராசைக் கையாண்டார். எனவே, இக்கருவி முதன்முதலிற் கேட்ட வினா ‘இங்கே உலோகம் உண்டா?’ என்பதன்று, ‘இந்த நாணயமும் அந்த நாணயமும் ஒன்றா?’ என்னும் நுண்ணிய வினாவே அதற்கு உரியதாயிருந்தது. பின்வந்த காலம் அவ்வினாவை மறந்து, முரட்டு வினாவொன்றை அதன் கையிற் கொடுத்தது எனலாம்.

ஈராண்டின் பின், 1881 யூலை 2 ஆம் திகதி, அமெரிக்க சனாதிபதி ஜேம்ஸ் கார்பீல்ட் வாஷிங்டன் புகைவண்டி நிலையத்திற் சுடப்பட்டார். குண்டு உடலுள் எங்கே கிடக்கின்றது என்பதை மருத்துவர் அறிந்திலர். தொலைபேசியை ஆக்கிய அலெக்சாந்தர் கிரகாம் பெல், தூண்டல் தராசைத் திருத்தி அமைத்துக்கொண்டு நோயாளியின் படுக்கையை அடைந்தார். கருவி தெளிவான விடை தரவில்லை. மெத்தையின் கீழ் உருக்குக் கம்பிகள் இருந்தமை பின்னரே அவருக்குத் தெரியவந்தது. மருத்துவரோ, குண்டு வலப்பக்கத்தில் உளது என்னும் தம் எண்ணத்தால், அப்பக்கத்தையே சோதிக்க விட்டனர். குண்டு இடப்பக்கத்திற் கிடந்தது. செப்டெம்பர் 19 ஆம் திகதி கார்பீல்ட் இறந்தார். இரும்பு அருகிலிருப்பின் மற்றை உலோகம் மறைந்துபோதல், தேடுவோர் முன்னரே கொண்ட முடிவு கருவியின் நாவைக் கட்டிவிடுதல் ஆகிய இரண்டும் அன்று கண்ட குறைகள். நாணயந் தேடுவோரை இன்றும் வருத்துவன அவ்விரண்டுமே.

பின்னைய வரலாற்றைச் சுருங்கக் கூறலாம். கலிபோர்னியாவில் வாழ்ந்த ஜெர்மானியப் பொறியியலாளர் கெர்காட் பிஷர், கையில் எடுத்துச் செல்லத்தக்க கருவிக்கு 1937 இல் ஆக்கவுரிமை பெற்றார். இரண்டாம் உலகப் போரின்போது யோசெப் கொசாக்கி என்னும் போலந்து அதிகாரி ஸ்கொத்லாந்திலிருந்து கண்ணிவெடி உணரும் கருவியொன்றை அமைத்தார்; 1942 இல் எல் அலமெயின் போரில் அது பயன்பட்டது. போருக்குப் பின் கருவி மலிந்து, பொழுதுபோக்காளர் கைக்கு வந்தது. உலோகத்தின் இனத்தைப் பிரித்தறியும் ஆற்றல் 1970 களிலே வளர்ந்தது.

ஈழத்தின் வடபகுதியிலுள்ளோர்க்கு இக்கருவி நாணயத்தால் அறிமுகமானதன்று. போர்க்காலத்துக் கண்ணிவெடிகளை அகற்றுவோர் கையிலேயே அதனை அவர்கள் கண்டனர். கண்ணிவெடி அகற்றுவோன் இனம் பிரித்தறியும் வசதியை நம்பித் தொழில் செய்வதில்லை. எழுந்த ஒலி ஒவ்வொன்றையும், அது ஆணியாயினும் தகரத்துண்டாயினும், முழந்தாளிட்டு அகழ்ந்து பார்த்தே ஆகவேண்டும். ஒரு பிழை ஓர் உயிர். நாணயந் தேடுவோன் நிலை இதற்கு நேர்மாறானது. ஒரு பூங்காவில் எழும் ஒலி அனைத்தையும் தோண்டினால் பொழுதும் போகும், புல்வெளியும் பாழாகும். தோண்டாமல் விடும் உரிமை அவனுக்கு உண்டு; எதனை விடுவது என்பதைக் கருவி சொல்லவேண்டும். ஆகவே நாணயக் கருவியின் தரம், அது எவற்றைக் காண்கின்றது என்பதிலும், எவற்றை நம்பிக்கையோடு விலக்க உதவுகின்றது என்பதிலேயே பெரிதும் தங்கியுள்ளது.

கருவி தொழிற்படும் முறை பள்ளிப் பௌதிகவியல் கற்றார்க்கு விளங்காததன்று. வளையத்துள் இரு சுருள்கள் உள. ஒன்றில் ஆடலோட்டஞ் செல்கின்றது. அது நிலத்துள் மாறுங் காந்தமண்டலமொன்றை எழுப்புகின்றது. அம்மண்டலத்துள் அகப்பட்ட உலோகத்தில் சுழிப்போட்டங்கள் தோன்றும். அவை தமக்கென ஒரு சிறு காந்தமண்டலத்தை உண்டாக்க, அதனை இரண்டாஞ் சுருள் ஏற்கின்றது. முதற் சுருளின் நேரான தாக்கம் இரண்டாவதில் விழாதவாறு இரண்டும் ஓரளவு ஒன்றன்மேலொன்று படியும்படி அமைக்கப்படும். ஹியூஸின் தராசிலிருந்த மௌனம் இவ்வாறே இங்கும் பெறப்படுகின்றது.

திரும்பிவருஞ் சைகையில் இரு செய்திகள் அடங்கும். ஒன்று வீச்சம், மற்றது அவத்தை. வீச்சம் சைகை எவ்வளவு வலியது என்பதையும், அவத்தை அது எவ்வளவு பின்தங்கி வருகின்றது என்பதையும் காட்டும். நன்கு கடத்தும் தடித்த உலோகத்தில் சுழிப்போட்டம் எளிதில் அழியாமையால் சைகை மிகப் பின்தங்கும். மெல்லிய தாளில் அது உடனே அழிந்துபோம். இரும்பு காந்தமாகும் இயல்பினதாகலின், அதன் சைகை வேறொரு பக்கம் சாயும். செம்பின் கடத்துதிறனை 100 எனக் கொண்டால், வெள்ளி 105 அளவிலும், பொன் 70 இற்குச் சற்று மேலும், அலுமினியம் 60 இற்குச் சற்று மேலும், நாகம் 28 அளவிலும், நாணயங்களிற் பயிலும் செம்பு நிக்கற் கலப்பு 5 அளவிலும் நிற்கும். இவ்வேறுபாட்டை அவத்தையின் வழியே அளந்து, 0 தொடக்கம் 99 வரையான ஓர் எண்ணாகக் காட்டுவதே பெரும்பாலான கருவிகளின் வழக்கம்.

இனி, ஆழம் வேண்டும் என்னும் கோரிக்கையை நோக்கலாம். வளையத்திலிருந்து விலகுந்தோறும் காந்தமண்டலம் தொலைவின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்பக் குறைகின்றது. நாணயம் திருப்பி அனுப்பும் மண்டலமும் மீண்டு வரும்போது அவ்வாறே குறையும். எனவே, வளையத்தின் அளவைவிட ஆழம் மிகுந்தபின், சைகை ஏறத்தாழ ஆறாம் அடுக்கிற் சுருங்குகின்றது. ஆழம் இரட்டித்தால் சைகை 64 இல் ஒரு பங்காகும். மின்கலத்தின் வலுவைச் சிறிது கூட்டுவதாலோ, சைகையைப் பெருக்குவதாலோ இவ்விழப்பை ஈடுசெய்தல் இயலாது. சைகையைப் பெருக்கினால், மண்ணிலுள்ள இரும்புக் கனியங்களின் இரைச்சலும் உடன் பெருகும். வெப்பவலய நாடுகளின் செம்மண்ணிலும் செம்பூரான்கல் நிலத்திலும் இவ்விரைச்சல் தரும் தொல்லை பெரிது. வளையத்தைப் பெரிதாக்கலாம், ஆயின் பெரிய வளையத்தின் கீழ் ஒரே வேளையில் பல பொருள்கள் அகப்படும், சிறு நாணயம் தப்பிப்போம்.

இயற்கை விதித்த தடையொருபுறமிருக்க, அறிவுலகின் தடையும் ஒன்றுண்டு. உழுத வயலில், கலப்பை எட்டும் ஆழம்வரை மண் நூற்றாண்டுகளாகப் புரட்டப்பட்டது. அம்மண்ணிலுள்ள நாணயம் தான் முதற்கிடந்த இடத்தை முன்னரே இழந்தது. அதனை எடுப்பதால் வரலாற்றுக்கு நேரும் நட்டம் சிறிது. கலப்பை எட்டாத ஆழத்திலோ பழைய நிலப்படைகள் குலையாது கிடக்கின்றன. இங்கிலாந்திலும் வேல்சிலும் பின்பற்றப்படும் பொறுப்புடைத் தேட்டத்துக்கான நெறிமுறை, உழவுப் படைக்குக் கீழே தோண்டவேண்டாம் என்று அறிவுறுத்துவது இதனாலேயே. இன்னும் ஆழம் காணும் கருவி என்பது, தொடக்கூடாத இடத்தைத் தொடத் தூண்டும் கருவியாகவும் ஆகலாம்.

அறிவிக்கும் எண்ணின் குறை ஆழத்தின் குறையினும் பெரிது. அமெரிக்க நாணயங்களைக்கொண்டு இதனை நன்கு விளக்கலாம். 1964 வரை வெளிவந்த 10 சத, 25 சத நாணயங்களில் நூற்றுக்கு 90 பங்கு வெள்ளி. 1965 ஆம் ஆண்டுச் சட்டத்தின்பின் அவை செப்பு நடுவும் செம்பு நிக்கல் மேற்றகடும் உடையனவாயின. ஒரு சத நாணயம் 1982 வரை நூற்றுக்கு 95 பங்கு செம்பு, நிறை 3.11 கிராம், அவ்வாண்டிலிருந்து செப்பு முலாம் பூசிய நாகம், நிறை 2.5 கிராம். முகப்பில் ஒரே இலிங்கனின் உருவம். எனினும் கருவி அவ்விரண்டுக்கும் வெவ்வேறு எண் தருகின்றது. ஹியூஸ் கேட்ட வினாவுக்கு நிலத்தின் மேலிருந்தே விடை கிடைப்பதற்கு இது நல்ல சான்று.

ஐந்து சத நாணயத்திடம் வரும்போது இப்பெருமை குலைந்துவிடுகின்றது. அது செம்பு 75 பங்கும் நிக்கல் 25 பங்குங் கலந்தது. கடத்துதிறன் மிகக் குறைந்தது. 1960 களிலிருந்து பானக் குவளைகளின் மூடியிலிருந்து இழுத்துக் கழற்றி எறியப்பட்ட அலுமினிய வளையங்கள் அமெரிக்க நிலமெங்கும் புதைந்துள்ளன. அலுமினியம் நன்கு கடத்துவதாயினும் அவ்வளையம் மெல்லியது, சிறியது. ஆகலின் அதன் எண்ணும் ஐந்து சத நாணயத்தின் எண்ணும் அருகருகே விழுகின்றன. பொன் மோதிரங்கள் பலவும் அவ்வெல்லையிலேயே விழும். குப்பையை விலக்கும்படி கருவியைப் பணித்தவன் நிக்கலையும் பொன்னையும் சேர்த்தே விலக்கிவிடுகின்றான். இங்கிலாந்திலோ இடைக்காலத்துச் சம்மட்டியடி வெள்ளிக் காசுகள் தாள்போல் மெல்லியன. காற்காசாக வெட்டப்பட்ட துண்டுகள் இன்னுஞ் சிறியன. வெள்ளி உயர்ந்த எண் தரும் என்று நம்பியிருப்போன் இவற்றைக் கடந்து போய்விடுவான். 1992 தொடக்கம் பிரித்தானியாவின் 1 பென்ஸ், 2 பென்ஸ் காசுகள் செப்பு முலாம் பூசிய உருக்கினால் ஆக்கப்படுகின்றன. இரும்பை விலக்கும் கருவிக்கு இக்காலத்துக் காசே விலக்கத்தக்க பொருளாய்விட்டது வேடிக்கையன்றோ?

இவ்விடர்ப்பாட்டின் வேர் யாதெனின், கடத்துதிறன், தடிப்பு, பருமன், கிடக்கும் நிலை ஆகிய நான்கையும் ஓர் எண்ணுள் அடக்க முயல்வதே. நான்கு கணியங்களை ஒரு சமன்பாட்டிலிருந்து பெறுதல் எங்ஙனம் கூடும்? மேலும் சமன்பாடுகள் வேண்டும். அவற்றைத் தருவது மீடிறன். ஒரு செப்புத் தகட்டில் 10,000 ஹேட்ஸ் மீடிறனில் மின்னோட்டம் பெரும்பாலும் 0.66 மில்லிமீற்றர் தடிப்பான மேற்படையிலே ஓடும்; 1,000 ஹேட்ஸில் 2 மில்லிமீற்றருக்குச் சற்று மேல்வரை பரவும். ஆகவே தாழ்ந்த மீடிறன் தடித்த நாணயத்தின் உள்ளுடலைப் பேசவைக்கும். உயர்ந்த மீடிறன் மெல்லிய காசையும் சிறு துண்டையும் எழுப்பும். ஒரே வேளையில் பல மீடிறன்களைச் செலுத்தும் கருவிகள் 1990 களின் தொடக்கத்திலிருந்து சந்தையில் உள. ஆயினும் அவற்றுட் பல, பல மீடிறன்களாலும் பெற்ற செய்தியை உள்ளே கலந்து, மீண்டும் ஒரே எண்ணாகவே வெளியிடுகின்றன. பலர் கூறிய சாட்சியத்தைக் கேட்டுவிட்டு ஒரு சொல்லில் தீர்ப்புரைக்கும் நீதிபதியை ஒத்தது இச்செயல். ஒவ்வொரு மீடிறனிலும் பெற்ற விடையைத் தனித்தனியே காட்டினால், மெல்லிய அலுமினியமும் தடித்த நிக்கலும் ஒரு மீடிறனில் ஒத்திருப்பினும் மற்றொன்றில் வேறுபடக் காணலாம்.

இதனோடு சேர்த்து வேண்டப்படுவது, கருவி தன் ஐயத்தையும் வெளியிடுதல். மேற்பரப்பிற் கிடக்கும் நாணயத்துக்கு வரும் எண் உறுதியானது. அதே நாணயம் ஆழத்திற் கிடப்பின் மண்ணின் சைகை மேலோங்கி, எண் தடுமாறும். பலவேளை இரும்பின் பக்கமாகச் சாயும். கருவியோ இரண்டு வேளையும் அதே துணிவுடன் இரண்டிலக்க எண்ணொன்றைக் காட்டுகின்றது. வீச்சம் குன்றியபோது, ஓர் எண்ணுக்குப் பதிலாக எண்ணின் எல்லையைக் காட்டுதல் கடினமான செயலன்று. பழகிய தேட்டக்காரர் ஒலியின் நடுக்கத்தைக் கேட்டு இவ்வையத்தை உணர்ந்துகொள்கின்றனர். செவி இன்றும் பெட்டியினும் கூரியது. ஆதலால் ஒலியைக் கம்பியின்றிச் செவிக்கு அனுப்பும் புதிய வசதியிலும் விழிப்பு வேண்டும். வளையத்தை ஒரு வினாடிக்கு 1 மீற்றர் வேகத்தில் வீசுவோனுக்கு, ஒலி பத்திலொரு வினாடி பிந்தினால், நாணயம் 10 சென்ரிமீற்றர் அப்பால் இருப்பதாகத் தோன்றும்.

நாணயத்துக்கென ஓர் உருவம் உண்டு என்பதைக் கருவிகள் இதுவரை போதிய அளவு பயன்கொள்ளவில்லை. நாணயம் வட்டத் தகடு. தட்டையாகக் கிடக்கும்போது அதன் வழியே செங்குத்தாகச் செல்லும் மண்டலத்துக்கு வலிய விடை தரும். பக்கவாட்டாகச் செல்லும் மண்டலத்துக்கு மெலிந்த விடை தரும். அப்பக்கவாட்டு விடை எத்திசையிலும் ஒன்றாகவே இருக்கும். கோணலான குவளை வளையத்துக்கும் ஆணிக்கும் இச்சமச்சீர் இல்லை. பல திசைகளிலிருந்து ஒரு பொருளின் விடையைத் தொகுத்து அதன் உருவை ஊகிக்கும் கணித முறை ஆராய்ச்சியாளர் பயின்று வருவதே; மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் இவ்வகை ஆராய்ச்சி நிகழ்ந்துள்ளது. அதனை வயலிற் கையாள, வளையம் ஒவ்வொரு கணமும் எங்கே இருக்கின்றது என்பது கருவிக்குத் தெரியவேண்டும். யப்பானின் தொகோகுப் பல்கலைக்கழகத்தார் கண்ணிவெடி அகற்றுதற்கென ஆக்கிய கருவி, வளையத்தின் அசைவைப் பின்தொடர்ந்து நிலத்தின் உட்படத்தை வரைகின்றது. கைத்தொலைபேசிகளில் உள்ள அசைவு உணரிகள் மலிந்த இக்காலத்தில், நாணயக் கருவியின் வளையத்துள் அவற்றைப் பொருத்துவது பெருஞ் செலவாகாது. மோதிரமும் போத்தல் மூடியும் வட்டமானவையாகலின் அவை இன்னும் ஏமாற்றும். விளிம்பில் நிற்கும் நாணயமும் இடர் தரும். எனினும் ஊகத்தின் எல்லை பெரிதும் சுருங்கும்.

பெல்லை ஏமாற்றிய உருக்குக் கம்பிகளின் இடர் பழைய குடியிருப்பு நிலங்களில் இன்னும் தீரவில்லை. இடிந்த வீடொன்றின் நிலத்தில் நூற்றுக்கணக்கான ஆணிகள் கிடக்கும். நாணயம் ஒன்று இரு ஆணிகளுக்கிடையே கிடந்தால், இரும்பின் சைகை அதனை விழுங்கிவிடும். இரும்பை ஒலிக்காது அடக்கிவைப்போன், அங்கே ஒன்றுமில்லை என்று எண்ணி அப்பாற் போகின்றான். அவன் கேட்ட மௌனம் வெறுமையின் மௌனமன்று. ஒரு சைகையின்பின் அடுத்ததை விரைந்து ஏற்கும் வேகம் அண்மைக் காலத்தில் வளர்ந்திருப்பதால் ஓரளவு நிவாரணம் கிடைத்துள்ளது. இதற்கு மேலும், ஏற்குஞ் சுருள் ஒன்றுக்குப் பதிலாகச் சிறு சுருள்கள் பலவற்றை ஒரு வரிசையில் அமைத்தல் நன்று. ஒவ்வொன்றும் நிலத்தின் ஒரு சிறு துண்டை மட்டும் நோக்கும். ஆணிக்கும் காசுக்கும் உள்ள இடைவெளி அப்போது புலப்படும். குறைந்தது, இரும்பினால் மறைக்கப்பட்ட இடம் இது, இங்கே தீர்ப்புக் கூற முடியாது என்றாயினும் கருவி அறிவித்தல் வேண்டும்.

இதுவரை கூறியவை தனி நாணயத்தைப் பற்றியன. தொகுதியாகப் புதைந்த நாணயங்களிடத்து நட்டமும் இலாபமும் பெரியன. 1979 இல் இங்கிலாந்தின் தெற்பேட் என்னுமிடத்தில் உரோமர் காலத்துப் பொன்னணிகளும் வெள்ளிக் கரண்டிகளும் கருவியொன்றினால் அகப்பட்டன. கண்டெடுத்தோர் அவசரமாகத் தோண்டி எடுத்து, பல மாதங்கள் அறிவியாதிருந்தனர். செய்தி வெளிவந்தபோது அவ்விடத்தில் கட்டடம் எழுந்துவிட்டது. அங்கே நாணயங்களும் இருந்தனவா, பொருள்கள் எவ்வாறு அடுக்கப்பட்டிருந்தன என்பவற்றை இனி எவரும் ஆராய இயலாது. 1992 இல் சபொக் மாகாணத்து ஹொக்ஸ்ன் ஊரிலோ, கமக்காரன் ஒருவன் தொலைத்த சுத்தியலைத் தேடச் சென்ற நண்பர், உரோம நாணயங்கள் வெளிப்படக் கண்டு, தோண்டுவதை நிறுத்தி அறிவித்தார். தொல்பொருளியலார் வந்து 15,000 இற்கு அண்மையான நாணயங்களையும் அணிகலங்களையும் முறைப்படி எடுத்தனர். தேடிய சுத்தியலும் அகப்பட்டது. அதுவும் இன்று பிரித்தானிய நூதனசாலையில் உள்ளது.

நிறுத்துதலின் பயனை 2010 இல் சொமர்செட்டின் புரூம் என்னுமிடத்து நிகழ்ச்சி இன்னுந் தெளிவாக்கும். ஒரு பெரிய மட்பானையின் வாய் தெரிந்தவுடன் தேட்டக்காரர் கையை எடுத்துக்கொண்டார். பானையுள் இருந்தவை 52,503 உரோம நாணயங்கள். நிறை 160 கிலோகிராம் அளவு. அகழ்ந்தோர் அவற்றை ஒரே குவியலாக வாராமல், படைபடையாக எடுத்தனர். காலத்தாற் பிந்திய கரோசியஸ் மன்னனின் நாணயங்கள், ஆண்டுதோறும் சேர்த்த உண்டியலாயின் மேலே இருந்திருக்கவேண்டும். அவை கீழ்ப்படைகளிற் காணப்பட்டன. ஆகவே பானை சிறுகச் சிறுக நிரப்பப்பட்டதன்று, ஒருமுறையிலே நிரப்பப்பட்டது என்னும் முடிபு பெறப்பட்டது. இம்முடிபு எந்த நாணயத்தின் முகத்திலும் எழுதப்பட்டிருக்கவில்லை. அவை கிடந்த ஒழுங்கிலே எழுதப்பட்டிருந்தது. அவசரக் கை ஒன்று கால்மணி நேரத்தில் அதனை அழித்திருக்கும்.

ஆதலின் கருவிக்கு இன்னொரு குறிப்புச் சேர்த்தல் தகும். தனிக் காசின் சைகை வளையத்தை வீசும்போது சுருக்கமாக எழுந்து அடங்கும்; ஆழத்திலுள்ள பெருந்தொகுதியின் சைகை அகன்று பரந்து வரும். இவ்வேறுபாட்டை அளந்து, இது தனிப்பொருள் அன்று, தோண்டுதலை நிறுத்துக என எச்சரிக்கும் ஒலியை அமைப்பது இன்றைய நுட்பத்துக்கு எட்டியதே. நிலத்தடிக் குழாயும் பெருந்தகடும் அதே ஒலியை எழுப்பும் என்று எதிர்வாதஞ் செய்யலாம். எழுப்பட்டும். குழாய்க்காக ஒருமுறை நிறுத்தியவன் இழப்பது ஒன்றுமில்லை. இலங்கையில் 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் உரிய அனுமதியின்றித் தொல்பொருள் தேடி அகழ்வதையே தடுப்பதால், ஈண்டு இவ்வெச்சரிக்கை கூறவேண்டியது தோண்டத் தொடங்குமுன்னரே.

மறதி என்னும் குறை எஞ்சுகின்றது. ஒரு நாள் முழுவதும் நடந்த ஒருவனின் கருவி ஆயிரக்கணக்கான சைகைகளை ஏற்கின்றது. மாலையில் அதனை நிறுத்தியவுடன் அனைத்தும் அழிந்துபோகின்றன. தோண்டப்பட்ட ஐந்தாறு பொருள்களின் இடம் மட்டும், அதுவும் அவன் குறித்துவைத்தால், எஞ்சும். செயற்கைக்கோளின் துணையால் இடங் குறிக்கும் வசதியுடைய நாணயக் கருவி 2012 இலேயே வந்துவிட்டது. ஆயின் அதன் குறிப்புப் பயனுடையோன் விரும்பிப் பதியும் இடங்களுக்கே பெரிதும் உரியது, சில மீற்றர் பிழையும் உடையது. நில அளவையாளர் கையாளும் திருத்தமுறையால் அப்பிழையைச் சில சென்ரிமீற்றருக்குள் அடக்கலாம். விலை ஒன்றே தடை, அதுவும் இறங்கிவருகின்றது. அப்போது தோண்டப்படாத ஆணிகளின் பரம்பலும் பதிவாகும். ஆணிகள் நெருங்கிய இடம் மறைந்த கட்டடத்தின் தடம். நாணயம் ஒன்றும் அகப்படாத பரப்பும் ஆராய்ச்சியாளனுக்கு ஒரு செய்தி. பிரித்தானியாவில் 1997 இல் தொடங்கிய சிறு தொல்பொருட் பதிவுத் திட்டத்தில் 10 இலட்சத்துக்கு மேற்பட்ட பொருள்கள் பதியப்பட்டுள்ளன. அவற்றிற் பெரும்பாகம் தேட்டக்காரர் தாமே கொண்டுவந்தவை. தேடியும் ஒன்றும் கிடைக்காத இடங்களும் அவற்றோடு பதியப்பட்டிருந்தால் அத்தொகுப்பின் மதிப்பு எவ்வளவோ உயர்ந்திருக்கும்.

பதிவின் அருமையை 2015 ஆம் ஆண்டு இரு வகையாலும் காட்டிற்று. அவ்வாண்டு ஒக்ரோபரில் ஒக்ஸ்போட் மாகாணத்து வற்லிங்டனில், ஒன்பதாம் நூற்றாண்டுக்குரிய ஏறத்தாழ 200 வெள்ளி நாணயங்கள் அகப்பட்டன. கண்டவர் அறிவிக்க, அவை கிடந்த மண்ணோடு ஒரே கட்டியாக எடுக்கப்பட்டு ஆய்வுகூடம் சென்றன. அவற்றுட் சிலவற்றின் ஒரு பக்கத்தில் இரு மன்னர் அருகருகே அமர்ந்துள்ளனர். அவ்வகை நாணயத்தை வெசெக்ஸ் மன்னன் அல்பிரட்டும் மேர்சியா மன்னன் இரண்டாம் கெயோல்வுல்பும் ஒரே காலத்தில் வெளியிட்டிருந்தனர். வெசெக்ஸ் சார்பில் எழுதப்பட்ட நாளாகமம் கெயோல்வுல்பை வைக்கிங் படையினரின் கைப்பாவையாகக் காட்டி ஒதுக்கியது. நாணயமோ அவனை அல்பிரட்டுக்கு நிகரான துணைவனாக நிறுத்துகின்றது. வென்றோர் எழுதி வைத்த சரிதத்தைச் சில கிராம் வெள்ளி திருத்தி எழுதிற்று.

அதே ஆண்டு யூன் மாதத்தில், ஹெரபோட் மாகாணத்து லெமின்ஸ்ரர் அருகே, அதே காலத்து நாணயங்கள் 300 அளவில் வேறிருவரின் கருவிக்கு அகப்பட்டன. அவர்கள் அறிவியாது மறைத்து விற்றனர். 2019 இல் இருவரும் சிறை சென்றனர். நீதிமன்றத்தில் வழக்கு நடந்தபோது மீட்கப்பட்டிருந்தவை 31 நாணயங்கள். 2023 இல் மற்றொரு வழக்கில் அகப்பட்ட 44 நாணயங்களும் அத்தொகுதியைச் சேர்ந்தன என நம்பப்படுகின்றது. நாணயங்கள் குழியுட் கிடந்த நிலையைக் காட்டும் பதிவு, குற்றவாளிகளின் கைத்தொலைபேசியிலிருந்து அவர்கள் அழித்தும் காவற்றுறையினர் மீட்டெடுத்த படங்கள் மட்டுமே. எஞ்சிய நாணயங்களிற் பெரும்பாலானவை எங்குள்ளன என்பது இன்னும் வெளிப்படவில்லை.